பாய்மரப் படகும் சாத்தூர்ச் சேவுச் சம்படமும்

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் போட்டோவெல்லாம் வந்தவர்களுக்கு, பொறுப்பெல்லாம் கூட்டிப்போனவனுக்கு. நீங்களும் கடையிலோ ஆபீஸிலோ உட்கார்ந்து நாலு பேருக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிறவராக இருந்தால், இதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. கிடைக்கிற நல்ல பெயரில் பாதி வெயிலுக்குப் போகும், மீதி மழைக்குப் போகும். கெட்ட பெயர் மட்டும் முழுசாக நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்.

சிவகாசியில் ஒரு மாடியறையில் என் ஆபீஸ். முன்பெல்லாம் அறுபடை வீடு, நவக்கிரகம் என்று வேன் விட்டுக்கொண்டிருந்தேன். சில வருஷங்களாக அந்தமானில் பாய்மரப் படகு. ஐந்தாறு பேர் தங்குகிற சின்னப் படகு அது. தீவு தீவாகப் போவது, அனுமதி உள்ள இடத்தில் மீன் பிடிப்பது, பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடுவது, படகிலேயே தூங்குவது. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற ஊரில் 'நாலா பக்கமும் தண்ணீர்' என்று நோட்டீஸ் அடித்தால் கூட்டம் வரத்தான் செய்கிறது. தீபாவளி முடிந்தால் பட்டாசுக்காரர்களுக்கு ஓய்வு, பொங்கல் முடிந்தால் காலண்டர்காரர்களுக்கு ஓய்வு. இரண்டு சாராரையும் ஒரே படகில் ஏற்றிய ஒரு டூரில் நடந்தவை இவை.

காற்றும் கரண்டும்

முதலில் வந்தவர் கதிரேசன் அண்ணாச்சி. காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறார். தினமும் ஒரு தாள் கிழிக்கிறோமே, ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் போட்டு, அந்தக் காலண்டர். சீசன் முடிந்து மிஷின் நின்றதும் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

"இஞ்சின் உண்டா?"

"சின்னதா ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அவசரத்துக்கு மட்டும். மத்தபடி பாய்தான். காத்தடிச்சாப் போகும்."

"ஏசி?"

"கிடையாது."

"கரண்டாவது இருக்கா, அதுவும் கிடையாதா?"

மேலே சோலார் தகடு இருக்கிறது, ஏதாவது சார்ஜ் போட ஒரே ஒரு பிளக் இருக்கிறது என்று சொன்னேன். இப்படி உண்மையைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது அப்போதுதான் நின்றிருந்தது.

"காத்து நாம சொன்னாக் கேக்குமா தம்பி? நம்ம ஊரு கரண்டே கேக்க மாட்டேங்கு. சரி, என் பேரை எழுதிக்கோங்க."

மாரியம்மாள் கொடுத்த ஆர்டர்

அடுத்து வந்தவர் சாத்தூர் மாரியம்மாள். பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். அவர் கணவர் சங்கரபாண்டி பட்டாசு ஆலையில் போர்மேன். தீபாவளியோடு ஓய்வு பெற்றுவிட்டார். சாத்தூர்ப் பக்கம் புதிதாக ஆலை கட்டியிருந்த ஒரு முதலாளி, சங்கரபாண்டியே வந்து வெடிமருந்து அறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாசியில் ஆலைத் திறப்புப் பூசை, அதற்குள் பதில் சொல்ல வேண்டும். 'நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க' என்று கணவன் மனைவி இரண்டு பேருக்கும் என் படகில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அந்த முதலாளிதான்.

போர்மேன் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த அறையில் எது வெடித்தாலும் முதலில் தேடுவது அவரைத்தான். உயிரோடு இருந்தால் போலீஸ் தேடும், இல்லாவிட்டால் வீட்டார் தேடுவார்கள். மாரியம்மாளும் இளவயதில் பட்டாசுக்குத் திரி சொருகப் போனவர். அவர்கள் தெருவில் யார் வீட்டுச் சுவரில் யார் போட்டோ எதனால் மாட்டியிருக்கிறது என்று அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"இனி போக வேண்டாம்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். 'நம்ம தெருப் பொண்ணுகதான அங்கன வேலைக்குப் பேரு குடுத்திருக்காக, தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருந்தா நல்லதுதான'ங்காரு" என்றார். அப்புறம் என் பின்னால் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். நீலக் கடல், வெள்ளைப் பாய். "இதைப் பாத்தா மனுசன் மனசு மாறுமா?"

சில பேருக்கு மாறும் என்றேன். தொழிலில் இருப்பவன் வேறு என்ன சொல்வது?

"அப்ப அங்கன வெச்சு அவரை வேண்டாம்னு சொல்ல வைக்கணும் தம்பி. மீனு பிடிக்கதெல்லாம் உங்க பாடு."

கைப்பிடிக் கம்பி

போர்ட் பிளேர் படகுத்துறையில் கேப்டன் மிக்கேல் காத்திருந்தார். தூத்துக்குடிக்காரர். படகில் அவரும் நானும்தான் வேலையாட்கள். கரையில் நான் டூர் மேனேஜர், படகில் ஏறிவிட்டால் பாத்திரம் கழுவுவதிலிருந்து நங்கூரம் இழுப்பதுவரை எல்லாவற்றுக்கும் எடுபிடி.

மாரியம்மாள் இடுப்பில் ஒரு எவர்சில்வர் சம்படம். உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த காராச்சேவு. ஒரு கல்யாணப் பந்திக்கே போதும். அதன் மூடியே சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. "இம்புட்டுப் பெரிசு படகுல எங்கம்மா வைக்க? கரையிலயே குடுத்து வெச்சுட்டு வாங்க" என்றார் மிக்கேல். அது வந்தால்தான் தானும் வருவதாக மாரியம்மாள் சொன்னதும் சம்படம் அவருக்கு முன்னால் படகில் ஏறியது.

சங்கரபாண்டி செருப்பைப் படகுத்துறையிலேயே கழற்றினார். படகின் கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை ஒரு நொடி அழுத்தி வைத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே காலெடுத்து வைத்தார். சாமி கும்பிடுகிறார் என்று மிக்கேல் நினைத்துக்கொண்டார். மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்பது எங்கள் ஊர் ஆலைகளில் சட்டம். உடம்பில் தங்கியிருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். டூர் முடிகிறவரை அவர் தூங்கப் போனாலும் கழிப்பறைக்குப் போனாலும் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் போனார்.

மிக்கேல் வழக்கம்போல எல்லாரையும் உட்கார வைத்துப் பாதுகாப்புச் சாமான்களைக் காட்டினார். மிதவைச் சட்டை. சின்ன ரப்பர் படகு. கையில் பிடித்துப் பேசுகிற ரேடியோ. கடைசியாக ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டி. உள்ளே அபாய மத்தாப்புகள். முனையைத் திருகிக் கொளுத்தினால் சிவப்பாக எரியும், தூரத்தில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு ஓடிவருவார்கள். சங்கரபாண்டி ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பாதிக்குமேல் தேதி முடிந்தவை. பழையவை கூடவே கிடந்தால் நல்லதுதானே, ஆபத்துக்கு ஆகுமே என்றார் மிக்கேல். போர்மேன் சமையல் கேஸ் எங்கே, டீசல் கேன் எங்கே, இந்தப் பெட்டி ராத்திரி எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டார். பெட்டி இருப்பது சமையல் மேடைக்கு அடியில். அவர் போனபிறகு மிக்கேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பெரியவரு டூர் வந்திருக்காரா, படகைச் சோதனை போட வந்திருக்காரா?"

ராகுகாலத்தில் கடித்த மீன்

படகு போகும்போதே பின்னால் தங்கூசி நரம்பை நீளமாக விட்டு, முனையில் பளபளவென்று போலி இரையைக் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். பெரிய மீன் அதைக் குட்டி மீன் என்று நினைத்து வந்து கவ்வும். கவ்வினால் கவ்வியதுதான். நேரம் காலம் கிடையாது.

கதிரேசன் அண்ணாச்சிக்கு உண்டு. தன் பிரஸ்ஸில் அடித்த காலண்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பாய்மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, நல்ல நேரம் பார்த்துத்தான் தூண்டிலைத் தொடுவார். மீன் விடியற்காலையில்தான் நன்றாகக் கடிக்கும் என்று மிக்கேல் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அண்ணாச்சி அசையவில்லை. எமகண்டத்தில் போட்டால் மீன் வந்தாலும் நிலைக்காது என்றார்.

மூன்றாம் நாள் அவர் ராகுகாலம் முடியட்டும் என்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சங்கரபாண்டி சும்மா பிடித்திருந்த நரம்பு விண்ணென்று இழுத்தது. அவர் பதறவில்லை. இழுத்தபோது விட்டார், தளர்ந்தபோது சுற்றினார். நல்ல கனமான சூரை மீன் ஒன்று படகுக்குள் வந்து விழுந்து வாலால் தரையைத் தட்டியது. மாரியம்மாள் அதைத் துண்டு போட்டு, புளி கரைத்து, மிளகாய் தூக்கலாக வைத்த குழம்பில் மிக்கேல் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணாச்சியும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் காலண்டரை ஒரு தடவை பார்த்தார், கடலை ஒரு தடவை பார்த்தார்.

"இந்தப் பக்கம் நமக்கு ஏஜெண்டு இல்ல தம்பி. அதான் மீனுக்கு நேரம் தெரியல."

யோசனை

மாரியம்மாள் தன் ஆர்டரை மறக்கவில்லை. காலையில் தீவு தெரிந்தால் ஒரு தடவை, சாயங்காலம் வானம் சிவந்தால் ஒரு தடவை, கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சை அதில் கொண்டுவந்து விடுவார். இப்படியே பேரன் பேத்திகளோடு இருக்கலாமே, ஆட்டுக்குட்டி ரெண்டு வாங்கி விடலாமே என்று என்னென்னவோ சொல்வார். சங்கரபாண்டி 'ம்' கொட்டுவார். அந்த 'ம்' எதற்கும் பொருந்தும்.

ஆனால் கடல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இஞ்சினை அணைத்துப் பாயை விரித்ததும் ஒரு அமைதி வரும். தண்ணீர் படகின் வயிற்றை உரசுகிற சத்தம் மட்டும் இருக்கும். போர்மேன் முன்பக்கம் போய்க் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் திரும்பி மனைவியிடம், "இங்கன மருந்து வாடையே இல்ல பாத்தியா" என்றார். இன்னொரு நாள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்தளவு தண்ணீரில் நின்று காரணமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து மாரியம்மாளுக்குக் கண் கலங்கியது. அன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து குனிந்து, ரகசியம்போலச் சொன்னார்.

"'யோசிக்கேன்'னு சொல்லிட்டாரு தம்பி. இந்த வேலை விசயத்துல அவரு யோசிச்சு நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

வாளி

மறுநாள் மத்தியானம் ஒரு தீவின் ஓரம் நங்கூரம் போட்டிருந்தோம். மிக்கேல் தூங்கிக்கொண்டிருந்தார். கதிரேசன் அண்ணாச்சி, ரேடியோவைப் பிளக்கிலிருந்து பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் போனைச் சொருகியிருந்தார். மீன் கடித்தால் படமெடுக்க வேண்டுமாம்.

படகின் பின்பக்கம் சங்கரபாண்டி குத்தவைத்து உட்கார்ந்து, முன்னால் ஒரு வாளிக் கடல் தண்ணீரில் எதையோ முக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பனியன் அலசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். குப்பையோ கழிவோ எதையும் கடலில் கொட்டக் கூடாது என்று மிக்கேல் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் சோப்புத் தண்ணீரைக் கடலில் ஊற்றிவிடாதீர்கள் என்று மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

"சோப்பெல்லாம் இல்ல தம்பி. கை சும்மா இருக்க மாட்டேங்கு, அம்புட்டுத்தான்."

மத்தாப்பு கொளுத்த ஆளில்லை

அன்று சாயங்காலம் பாறைத் திட்டுப் பக்கம் தூண்டில் போட ரப்பர் படகில் மூன்று பேர் போனோம். மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நான், முன்னால் சங்கரபாண்டி, நடுவில் மடியில் சம்படத்தோடு மாரியம்மாள். அங்கே உட்கார்ந்து கொறிக்கவாம். ரேடியோவில் சார்ஜ் இல்லை. இந்தா தெரிகிறது படகு, அதற்கு எதற்கு ரேடியோ என்று விட்டுவிட்டு, ஆரஞ்சுப் பெட்டியை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

திட்டுப் பக்கம் மீன் கடிக்கவில்லை. இடம் மாற்றலாம் என்று மோட்டாரைத் திருப்பினேன். தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த தங்கூசி, மோட்டாரின் காற்றாடியில் போய்ச் சுற்றிக்கொண்டது. ஒரு இருமல் இருமிவிட்டு மோட்டார் நின்றது. தூக்கிப் பார்த்தால் காற்றாடிக்குப் பின்னால் நரம்பு கல்லாக இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுக்க அறுக்க உள்ளே இன்னும் இருந்தது. அதற்குள் நீரோட்டம் எங்களைத் திட்டைத் தாண்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. துடுப்புப் போட்டோம். நாங்கள் ஒரு முழம் போனால் அது இரண்டு முழம் இழுத்தது. பெரிய படகு கையளவாகி, விரலளவாகியது. அந்தப் பக்கம் அடுத்த தீவு எதுவும் இல்லை. இருட்டுவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. டூர் நடத்துகிறவன் முகத்தில் அதைக் காட்டக் கூடாது என்பதால் சிரித்துக்கொண்டே ஆரஞ்சுப் பெட்டியை எடுத்தேன்.

"அதைத் திறக்காதீக தம்பி" என்றார் சங்கரபாண்டி. "அது எரியாது. மத்தியானம் நான் நனைச்சுட்டேன்."

திறந்தேன். எல்லாம் மூடி கழற்றி, ஊறி, ஈரத்தோடு அழகாக அடுக்கியிருந்தன. பழையது புதியது வித்தியாசமில்லாமல் எல்லாமே. முதல் நாள் முழுசாக இருந்த ஒன்று உடைந்து மருந்து சிந்தியிருந்ததாம், அதுவும் கேஸ் சிலிண்டர் பக்கத்தில். ஒன்று சிந்தினால் அந்தப் பெட்டியையே நனைக்க வேண்டும் என்பது அவர் பழகிய ஒழுங்கு. யாரையும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஆலையில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. நனைத்ததைக் கடலில் போடக் கூடாது என்பதற்காகத் திரும்பப் பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தச் சட்டத்தை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

பிறகு மாரியம்மாள் சம்படத்தின் மூடியைக் கழற்றினார். இந்த நேரத்தில் சேவு தின்னப் போகிறாரா என்று எனக்குத் திக்கென்றது. அவர் மூடியை முந்தானையால் துடைத்து, இறங்குகிற சூரியனுக்கு நேராகப் பிடித்து, வெளிச்சத்தைப் பெரிய படகின் பக்கம் திருப்பித் திருப்பி அடித்தார். கை வலித்ததும் அவர் கணவர் வாங்கிப் பிடித்தார். அப்புறம் நான்.

அந்தப் பளபளப்பை முதலில் பார்த்தவர் கதிரேசன் அண்ணாச்சிதானாம். நாங்கள் பிளாஷ் போட்டுப் போட்டோ எடுக்கிறோம் என்று நினைத்து, தலையை வாரிக்கொண்டு கையை ஆட்டியிருக்கிறார். அவர் யாருக்குக் கையாட்டுகிறார் என்று மிக்கேல் திரும்பிப் பார்த்ததால் நங்கூரம் தூக்கப்பட்டது. சூரியன் தண்ணீரைத் தொடுகிற நேரத்துக்குப் பெரிய படகு பக்கத்தில் வந்து கயிறு வீசியது. மிக்கேல் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். திரும்பவும் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிவகாசிப் பக்கத்து ஆளு மூணு பேரு இருந்த படகுல ஒரு மத்தாப்பு கொளுத்த வழியில்லாமப் போச்சே, அண்ணாச்சி!"

கேட்ட பதில் கிடைத்தது

அன்றைக்குச் சமையல் முடிந்தும் சங்கரபாண்டி தட்டைத் தொடவில்லை. மிக்கேல் முதலில் கோபமாகத்தான் இருந்தார். பிறகு அந்த உடைந்த குச்சியையும், சமையல் மேடைக்கு அடியில் இடுக்கில் இன்னும் கிடந்த மருந்துத் தூளையும் பார்த்துவிட்டுக் கோபத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த மேடையில்தான் அவர் தினமும் பீடியைப் பற்றவைப்பது. ஈரத்துணியால் அந்த இடத்தை அவரே துடைத்தார்.

"எம் பொண்டாட்டி உசுரைக் காப்பாத்த ஒரு குச்சி வேண்டியிருந்துச்சு. அதை எங் கையாலயே நனைச்சிருக்கேன்" என்றார் சங்கரபாண்டி. "கைக்கு இருக்கிற பழக்கம் புத்திக்கு இல்லாமப் போச்சு. இனி நான் எந்த அறைக்கும் பொறுப்பு ஏக்கக் கூடாது. ஊருக்குப் போனதும் முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிடுதேன்."

நான் மாரியம்மாளைப் பார்த்தேன். எதற்காகச் சாத்தூரிலிருந்து பஸ் ஏறி என் மாடிப்படி ஏறினாரோ, அந்தப் பதில் கிடைத்துவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், இல்லை. பிரித்துவைத்த மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். கதிரேசன் அண்ணாச்சிக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. அவர்தான் அமைதியைக் கலைத்தார்.

"அந்நேரம் நல்ல நேரந்தான் தம்பி, நான் காலண்டர்ல பாத்துட்டேன். அதான் எல்லாரும் கரை சேந்திருக்கீக."

சாத்தூர் ஸ்டேஷன்

கடல் தாண்டி வந்து ஊருக்கு ரயிலேறினோம். சங்கரபாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். ரயில் பெட்டிக்குள் ஏறும்போது கம்பியைத் தொடுவதற்காகக் கையைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டார். அந்த ஒரு அசைவை மாரியம்மாளும் பார்த்தார், நானும் பார்த்தேன். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

காலையில் சாத்தூர் ஸ்டேஷனில் இறங்கினோம். பிளாட்பாரத்துக்கு வெளியே ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன் நின்றுகொண்டிருந்தது. தூக்குவாளியும் கையுமாக நாலைந்து பேர் அதில் ஏறினார்கள். அதில் ஒருத்தி அவர்கள் தெருப் பெண். "என்ன பெரியம்மா, கடலுக்குப் போயிட்டு வந்துட்டீகளா? பெரியப்பா, புதுக் கம்பெனிக்கு நீங்க வாரீகதான?" என்று கத்திக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வேன் கிளம்பியது. சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு பையைத் தூக்கினார்.

மாரியம்மாள் நகரவில்லை. சம்படத்தைத் தரையில் வைத்தார்.

"நீங்க முடியாதுன்னு சொல்ல வேண்டாம்" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீதான கேட்ட?"

"கேட்டேன். நீங்க எங்ககிட்டச் சொல்லாம நனைச்சீக, அது தப்புதான். ஆனா அம்புட்டு பேரு இருந்த படகுல சிந்திக் கெடந்தது உங்க கண்ணுக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. அந்தக் கேப்டனு தெனமும் அதுக்கு மேலயே பத்த வெச்சுக்கிட்டு இருந்திருக்காரு. இந்தா வேன்ல போகுதுகளே, அதுகளுக்கு மேல எவனோ ஒருத்தன் வந்து உக்காந்து, 'நாளைக்குப் பாத்துக்கிடலாம்'னு சொல்லிட்டு வீட்டுக்குப் போவான். எனக்கு அதுக்கு மேல தூக்கம் வராது." முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "இனி நனைக்கும்போது பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நனைங்க. அம்புட்டுத்தான்."

சங்கரபாண்டி ஸ்டேஷன் வாசல் இரும்புக் கிராதியில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்தார். பிறகு குனிந்து சம்படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் போன மாரியம்மாள் நாலு எட்டு வைத்துவிட்டு, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"சாயங்காலம் நேரமானாலும் பரவால்ல. சிந்துனதை நனைக்காம மட்டும் ஒரு நாளும் வீட்டுக்கு வராதீக."

கூட்டிப்போனவர்களைப் பத்திரமாக ஊரில் இறக்கிவிட்டால் டூர்க்காரன் பொறுப்பு முடிந்தது என்பதுதான் எங்கள் தொழிலின் கணக்கு, ஆனால் இந்தச் சங்கரபாண்டியை மட்டும் நான் தினமும் ஆலை விடுகிற நேரத்துக்கு மனசுக்குள் ஒரு தடவை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.